உருமிக்கு அசராத குதிரை

தங்கராஜு எழுதிய அந்தக் கட்டுரையில் பொய் என்று ஒரு வரிகூடக் கிடையாது. பஞ்சை மட்டும் விட்டுவிட்டார். விட்டது கொஞ்சம் பஞ்சுதான். அதனால் போனது என்னவெல்லாம் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

தங்கராஜுவுக்கு உத்தியோகம் குதிரை, உபத்திரவம் எழுத்து. அவர் மனைவி மலர் அப்படித்தான் சொல்வாள். ஜொகூரில் பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்குப் பிறந்தவர். படிப்பு ஏறவில்லை. மீசை சரியாக முளைப்பதற்குள் சிங்கப்பூருக்குப் போய், பந்தயக் குதிரை லாயத்தில் சாணம் அள்ளத் தொடங்கினார். சாணம் அள்ளியவர் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டும் ஆளானார். பிறகு விடியற்காலையில் ஓட்டிப் பழக்கும் ஆளானார். ஒரு நாள் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டு, இனி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னபின் துணைப் பயிற்சியாளரானார். குதிரை மேலிருந்து விழுந்ததில் பதவி உயர்வு வாங்கிய ஆள் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று சொல்லிச் சிரிப்பார்.

எழுத்து வந்ததும் லாயத்தில்தான். குதிரை படுப்பதற்கு வைக்கோலுக்குப் பதிலாகச் சில இடங்களில் கிழித்த பழைய பேப்பரைப் பரப்புவார்கள். அதில் தமிழ்ப் பேப்பரும் கலந்து வரும். சாணம் படாத துண்டாகப் பார்த்து எடுத்துப் படிப்பார். பாதிக் கதை இருக்கும், மீதி வேறொரு குதிரைக்கு அடியில் கிடக்கும். கிடைக்காத முடிவை இவரே கட்டிக்கொள்வார். அப்படிக் கட்டிக் கட்டிப் பழகியதில், ஒரு கட்டத்தில் முதலிலிருந்தே தானாக எழுதத் தொடங்கிவிட்டார். ஞாயிறு பதிப்பில் ‘லாயத்திலிருந்து’ என்று அவருக்கு ஒரு பத்தி ஒதுக்கினார்கள். அன்றிலிருந்து வீட்டில் சனிக்கிழமைகளில் அவரிடம் யாரும் பேச முடியாமல் போயிற்று.

சிங்கப்பூரில் பந்தயத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், ஜொகூருக்கே திரும்பி, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளி உலு திராமில் நடத்திய சவாரிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். பணக்காரப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுப்பது வேலை. இடையிடையே கல்யாணங்களுக்குக் குதிரை கொண்டுபோவதும் உண்டு. ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் தலைப்பாகை கட்டி, வசனம் இல்லாத ராஜா வேஷமும் போட்டிருக்கிறார். அந்த நாடகத்தைப் பற்றி மட்டும் அவர் எழுதியதில்லை.

அவருக்குப் பிடித்த குதிரை மினிஸ்டர். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த வெள்ளைக் குதிரை. பேருக்கேற்ற குதிரை என்று லாயத்தில் கேலி பண்ணுவார்கள். நன்றாகச் சாப்பிடும், பார்க்கக் கம்பீரமாக இருக்கும், வேலை என்றால் யோசிக்கும். கல்யாணத்துக்கு இதைவிட லட்சணமான குதிரை கிடையாது. ஆனால் ஒரே ஒரு குறை. உருமி மேளம் ஆகாது. நாதஸ்வரம், தவில் என்றால் காதை ஆட்டிக்கொண்டு நிற்கும். உருமியின் அந்த அடித்தொண்டை முனகல் கேட்டால் உடம்பெல்லாம் நடுங்கிப் பின்னங்காலைத் தூக்கும். இந்த ஊரில் உருமி இல்லாத கல்யாண ஊர்வலம் எங்கே இருக்கிறது?

தங்கராஜு விடவில்லை. கைப்பேசியில் உருமியைப் போட்டுத் தூரத்தில் வைத்தார்; கொள்ளு கொடுத்தார்; நாளாக நாளாகக் கிட்டே கொண்டுவந்தார். பழைய நைலான் காலுறைக்குள் பஞ்சைத் திணித்து, உருண்டையாகக் கட்டி, இரண்டு காதிலும் வைத்தார். பந்தய லாயத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. பஞ்சு இருந்தால் மினிஸ்டர் உருமிக்குப் பக்கத்திலேயே அசையாமல் நின்றது. பஞ்சை எடுத்துவிட்டுப் பார்த்தபோது லாயத்தின் பலகையை உதைத்துப் பெயர்த்தது. மறுபடியும் எடுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பஞ்சோடுதான் அத்தனை கல்யாணத்துக்கும் போய் வந்தது.

இதை எழுதினார். ‘உருமிக்கு அசராத குதிரை’ என்று தலைப்பு. கைப்பேசி, கொள்ளு, பல மாதப் பொறுமை, எல்லாம் இருந்தது. கடைசி வரி அவருக்கே கண்ணில் நீர் வரவழைத்தது: ‘அதன் கழுத்தில் என் உள்ளங்கை இருக்கும்வரை உலகத்தின் எந்த மேளமும் அதற்குத் தாலாட்டுதான்.’

மலர் படித்துவிட்டுக் கேட்டாள். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பஞ்ச எங்கங்க காணோம்?”

“பஞ்செல்லாம் போட்டா கதை படுத்துக்கும் லா. படிக்கிறவன் என்ன நெனைப்பான்? காத அடைச்சுப்புட்டு பெரிய பயிற்சின்னு பீத்திக்கிறான்னு கேப்பான்.”

“கேட்டா கேக்கட்டுமே. உள்ளதுதானே?”

“ஒனக்கு எழுத்து புரியாது” என்று சொல்லிவிட்டு அனுப்பிவிட்டார். குதிரையைப் பற்றி அவரிடம் யார் என்ன சொன்னாலும் காது கொடுப்பார். எழுத்தைப் பற்றி யார் சொன்னாலும் ஏறாது.

கட்டுரை வந்த சில மாதத்தில் தவுக்கே பள்ளியை மூடினார். நிலத்தில் வீடு கட்டப் போகிறார்கள். இளம் குதிரைகளுக்கு உடனே ஆள் வந்தது. மினிஸ்டரைக் கேட்க ஒருவரும் வரவில்லை. மாதக் கடைசியில் லாரி வரும், மிச்சம் இருப்பதை ஏற்றிக்கொண்டு போகும் என்று தவுக்கே சொன்னார். லாரி எங்கே போகும் என்று தங்கராஜு கேட்கவில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை.

அந்த நேரத்தில்தான் உலகப்பன் போன் செய்தார். பக்கத்தில் தெப்ராவில் இருப்பவர், செட்டிநாட்டுக் குடும்பம், இரும்புக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். ஞாயிறுதோறும் பத்தியைப் படித்துவிட்டு மறக்காமல் கூப்பிடும் வாசகர். எழுதுகிறவனுக்கு அப்படி ஒருவர் இருந்தால் போதும். பள்ளி மூடும் விஷயத்தைக் கேட்டதும் குதிரையைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, மனைவி வேதநாயகியையும் அழைத்துக்கொண்டு லாயத்துக்கு நேரிலேயே வந்துவிட்டார்.

“எங்க வழக்கத்துல மாப்பிள்ளை அழைப்புன்னா குதிரைதான். எங்கப்பா குதிரையில வந்தாரு. நான் டட்சன் கார்ல வந்தேன். எங்க மகன் அர்ஜுனாச்சும் குதிரையில வரட்டுமே” என்றார். “இப்பவே நம்ம டுரியான் தோப்புல விட்டுர்றேன், கல்யாணம் முடிஞ்சும் அங்கயே இருக்கும். புல்லு இருக்கு, நெழலு இருக்கு. இருக்குற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்.”

தங்கராஜுவுக்கு அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. மினிஸ்டருக்கு வீடு கிடைத்துவிட்டது.

வேதநாயகி ஆச்சி அவ்வளவு சீக்கிரம் உருகுகிறவர் அல்ல. குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “ஏன் தம்பி, மேளம் கேட்டா நெசமாவே ஒண்ணும் பண்ணாதா? மருந்து கிருந்து, மறைப்பு, அப்படி ஏதாச்சும் வேணுமா? வேணும்னா இப்பவே சொல்லிருங்க.”

தங்கராஜு வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் உலகப்பன், “என்ன கேள்வி இது!” என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைசி வரியை மனப்பாடமாக ஒப்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. “இந்த ஒரு வரிக்காகத்தான் வந்தேன் எழுத்தாளரே” என்றார்.

தன் வரியை இன்னொருவர் வாயால், அதுவும் அந்த ஏற்ற இறக்கத்தோடு, தங்கராஜு அதுவரை கேட்டதில்லை. அந்தச் சுகத்துக்கு நடுவில் பஞ்சு என்ற சொல்லை எப்படிப் போடுவது? போட்டால் ஆச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? லாரி வேறு கண்முன்னால் வந்து நின்றது.

“ஒண்ணும் வேணாம் ஆச்சி. கழுத்துல கைய வச்சா போதும்” என்றார்.

கல்யாணத்தன்று தானே போய், சேணம் கட்டுகிற சாக்கில் சத்தமில்லாமல் பஞ்சை வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் தினமும் தோப்புக்குப் போய் உலகப்பனுக்குக் குதிரையை நடத்தப் பழக்கினார். அந்த வயதில் அவர் அவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொண்டார். கயிறு பிடிப்பது, சேணம் போடுவது, குளம்பு பார்ப்பது எல்லாம் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். சொல்லியிருக்கலாம். எந்த நாள் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நேற்றே சொல்லாததால் இன்று சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகியது.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது கோலாலம்பூரிலிருந்து ஒரு எழுத்தாளர் சங்கம் அழைத்தது. அந்த ஆண்டின் சிறந்த பத்திக் கட்டுரை அவருடையதுதான். மேடையில் வந்து பரிசு வாங்க வேண்டும். கல்யாணம் நடக்கிற அதே ஞாயிறு.

“கல்யாணத்துக்குப் போங்க. பரிச அப்புறமா அனுப்பச் சொல்லலாம்” என்றாள் மலர்.

“மேடையில வாங்குறதும் தபால்ல வாங்குறதும் ஒண்ணா?”

உலகப்பனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் துள்ளிக் குதிக்காத குறை. “போய்ட்டு வாங்கன்றேன்! என் மினிஸ்டரப் பத்தி எழுதினதுக்குப் பரிசு, நீங்க போகாம யாரு போவா? நான் பாத்துக்குறேன்.”

“அண்ணே, கல்யாணத்துல என்ன மேளம்?”

“நாதஸ்வரம், தவில்தான். வேறென்ன?”

தங்கராஜுவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. செட்டியார் வீட்டுக் கல்யாணம். மங்கல வாத்தியத்தோடு சரி. உருமியெல்லாம் தோட்டத்தில் பிறந்த நம்மைப் போன்றவர்கள் வீட்டில்தான். இப்படி நினைத்துக்கொண்டார். இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தோட்டமும் இல்லை, செட்டிநாடும் இல்லை, நண்பர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், கிளம்புவதற்கு முதல்நாள் பஞ்சுருண்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெப்ராவுக்குப் போனார். வீடு நிறைய உறவினர்கள். உலகப்பன் அவரை ஒவ்வொருவரிடமும் இழுத்துப் போய், “இவருதான் அவரு” என்று அறிமுகம் செய்தார். ஆச்சி பணியாரம் வைத்த தட்டைக் கையில் கொடுத்தார். ஆச்சியின் முகத்தைப் பார்த்து, அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பஞ்சோடு திரும்பி வந்தார்.

கோலாலம்பூரில் விழா நன்றாகத்தான் நடந்தது. நடுவர் பேசும்போது அந்தக் கடைசி வரியை இரண்டு முறை வாசித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாலை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார்.

திரும்பி வரும் பேருந்தில் அதைத் திறந்ததும், யாரோ ஒருவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய வீடியோ வந்து விழுந்தது. கூடவே சிரிக்கிற முகங்கள் வேறு. மண்டப வாசல். எல்லாக் கல்யாணத்துக்கும் போடும் அந்த ஜரிகை வெல்வெட் துணி போர்த்திய வெள்ளைக் குதிரை மேல் அர்ஜுன் உட்கார்ந்திருக்கிறான். நாதஸ்வரம் நின்றதும் பக்கவாட்டிலிருந்து கறுப்புச் சட்டை போட்ட பையன்கள் ஓடி வருகிறார்கள். இடுப்பில் உருமி. சிங்கப்பூரில் அர்ஜுனோடு வேலை செய்கிற நண்பர்கள், மாப்பிள்ளைக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்த மேளம் அது. முதல் அடி விழுந்ததும் மினிஸ்டரின் காது பின்னால் மடிவது தங்கராஜுவுக்கு அந்தச் சின்னத் திரையிலும் தெரிந்தது.

குதிரை தெரிந்த எவரும் அந்த நொடியில் கூட்டத்தைவிட்டு அதை வெளியே இழுத்திருப்பார்கள். உலகப்பன் இழுக்கவில்லை. பட்டு வேட்டியோடு, சிரித்த முகத்தோடு, நிதானமாக வலது உள்ளங்கையைத் தூக்கி அதன் கழுத்தில் வைத்தார்.

அதற்குமேல் படம் ஆடியது. அர்ஜுன் விழுந்து உருண்டான். கயிற்றை விடாத உலகப்பன் படிக்கட்டில் இழுபட்டார். குதிரை கார்களுக்கு நடுவில் புகுந்து சாலைப் பக்கம் ஓடியது. பிறகு மலரிடமிருந்து செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. மாப்பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு, தாலி கட்டியாகிவிட்டது. உலகப்பனுக்கு இடுப்பு எலும்பு முறிவு. மினிஸ்டர் நெடுஞ்சாலையில் ஒரு லாரியில் மோதி முன்னங்கால் இரண்டும் போய், கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டு முடித்துவிட்டார். தங்கராஜு பேருந்தில் முன்சீட்டுக் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு ஜொகூர் வரும்வரை அழுதார். பக்கத்தில் இருந்தவர் கழுத்து மாலையைப் பார்த்துவிட்டு, பரிசு வாங்கிய சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனார். உலகப்பன் மல்லாந்து கிடந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தங்கராஜுவைப் பார்த்ததும் உலகப்பன் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“பரிசு வாங்கிட்டீங்களா?”

“வாங்கினேன்ணே.”

“நாந்தான் கெடுத்துட்டேன் தங்கராஜு. அந்தப் பிள்ளைய அநியாயமா கொன்னுப்புட்டேன்” என்று சொன்னவரின் கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. “நீங்க எழுதின மாதிரியே கைய வச்சேன். எங்கயோ மாத்தி வச்சுட்டேன் போல. இல்ல, என் கை நடுங்குச்சோ என்னமோ. நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க.”

இடுப்பு உடைந்து கிடக்கிற மனுஷன், உடைந்த இடுப்பை நம்பாமல் தங்கராஜுவின் எழுத்தை நம்புகிறார். அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. உலகப்பன் சாகும்வரை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

“உங்க கையில ஒண்ணும் இல்லண்ணே. நான் முழுசா எழுதல. அதுக்குக் காதுல பஞ்சு வைக்கணும். எல்லாக் கல்யாணத்துக்கும் வச்சுத்தான் கொண்டு போனேன். எழுதினா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்.”

ஆச்சியின் கை ஆரஞ்சுத் தோலில் நின்றது. “அன்னைக்கு நான் கேட்டேனே தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தங்கராஜுவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“கேட்டீங்க ஆச்சி. நான்தான் சொல்லல.”

உலகப்பன் திட்டுவார் என்று தங்கராஜு காத்திருந்தார். அவர் கேட்டது வேறு.

“எப்படி வைப்பீங்க? அது விடுமா?”

“விடும்ணே. பழகிருச்சு. அந்த வெல்வெட் துணியப் போட்டா மேளம் வருதுன்னு அதுக்குத் தெரியும். துணியப் போட்டதுமே அதுவா குனிஞ்சு, நெத்திய நம்ம நெஞ்சுல முட்டிக்கிட்டு நிக்கும். பஞ்சு வைக்கிற வரைக்கும் நிமிராது.”

உலகப்பன் மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். ஏதோ ஒன்றொன்றாகப் புரிவது முகத்தில் தெரிந்தது.

“குனிஞ்சுச்சு” என்றார். “துணியப் போட்டதும் குனிஞ்சுச்சு தங்கராஜு. என் நெஞ்சுல முட்டிக்கிட்டே நின்னுச்சு. நிமித்தி விட்டேன், மறுபடியும் குனிஞ்சுச்சு. எத்தனை தடவ நிமித்தினாலும் குனிஞ்சுச்சு.”

தங்கராஜு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“வணக்கம் சொல்றான், பாருங்க பாருங்கன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனேன். வந்தவங்க எல்லாரும் வரிசையா நின்னு திருப்பிக் கும்பிட்டாங்க.”